கேள்வி-பதில்: மெயிலும் ஃபைலும் கிளவுடில்தானே இருக்கின்றன, பேக்கப் எதற்கு?

இந்த முறை சிறு அலுவலகம் நடத்துகிறவர்களிடமிருந்து நிறையக் கேள்விகள். ஆள் ஆளுக்கு வேறு மாதிரி கேட்டிருந்தாலும் விஷயம் ஒன்றுதான் என்பதால் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒன்பது பேர், மெயில், ஃபைல் எல்லாம் கூகுள் வொர்க்ஸ்பேஸில். ஒருவர் வேலையை விட்டுப் போனார். இல்லாத ஆளின் லைசென்ஸுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும் என்று கணக்கை அன்றே டெலிட் செய்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர், "உங்கள் ஆள் ஒப்புக்கொண்ட விலை மெயிலில் இருக்கிறதே" என்கிறார். அந்த மெயிலும் இல்லை, அவர் வரைந்து வைத்திருந்த படங்களும் இல்லை. கூகுளிடம் எங்காவது ஒரு பிரதி இருக்காதா சார்?

பதில்: கூகுளிடமிருந்து இனி கிடைக்காது. டெலிட் செய்த பயனர் கணக்கை 20 நாளுக்குள் அட்மின் திரும்பக் கொண்டுவரலாம், அதற்குப் பிறகு உதவி மையத்தைக் கூப்பிட்டாலும் பயன் இல்லை. அங்கே நேரத்தைச் செலவழிக்காமல் வேறு இடங்களில் தேடுங்கள்.

முதலில் ஷேர்டு டிரைவைப் பாருங்கள். அதில் போட்ட ஃபைல் நிறுவனத்துக்குச் சொந்தம், ஆள் போனாலும் அங்கேயே இருக்கும். அவருடைய சொந்த 'மை டிரைவ்' பகுதியில் வைத்திருந்தால், மற்றவர்களுக்குப் பகிர்ந்திருந்தாலும், கணக்கோடு சேர்ந்து போயிருக்கும். அப்படிப் பகிர்ந்ததை யாராவது பிரதி எடுத்தோ டவுன்லோடு செய்தோ வைத்திருக்கிறார்களா என்று எல்லோரிடமும் கேளுங்கள். மெயிலைப் பொறுத்தவரை, சிசி-யில் இருந்த சக ஊழியர்களின் இன்பாக்ஸில் ஒரு பிரதி இருக்க வாய்ப்பு உண்டு. அந்த வாடிக்கையாளரிடமே நேராகக் கேட்டுவிடலாம், அவருக்கு வந்த மெயில் அவரிடம் இருக்கிறது, அதை ஃபார்வேர்டு செய்யச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. அப்புறம் அவர் பயன்படுத்திய அலுவலக லேப்டாப். ஜிமெயிலை பிரவுசரில் மட்டும் பார்த்திருந்தால் அதில் எதுவும் இருக்காது. அவுட்லுக் அல்லது தண்டர்பேர்டு வைத்துப் பார்த்திருந்தால் மெயில்களின் பிரதி லேப்டாப்பிலேயே இருக்கக்கூடும். அதைத் திறப்பதற்கு முன் வைஃபையை அணைத்துவிடுங்கள், நெட் இல்லாமலே திறந்து, வேண்டியதை வேறு ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். லேப்டாப்பை ஃபார்மேட் செய்து வேறொருவருக்குக் கொடுத்திருந்தால் இந்த வழியும் இல்லை.

இனி யார் வேலையை விட்டுப் போனாலும் அன்றைக்குக் கணக்கை டெலிட் செய்யாதீர்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள், அவருடைய ஃபோனிலும் வீட்டுக் கணினியிலும் திறந்திருக்கிற எல்லா லாகினையும் அட்மின் பக்கத்திலிருந்து வெளியேற்றுங்கள். மெயில் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து, அதைத் திறந்து பார்த்து, டிரைவ் ஃபைல்களின் உரிமையை வேறொருவருக்கு மாற்றி, இதெல்லாம் முடிந்த பிறகு டெலிட். அவருடைய முகவரிக்கு வாடிக்கையாளர்கள் இன்னும் பல மாதம் எழுதிக்கொண்டுதான் இருப்பார்கள், அதனால் அந்த முகவரியை இன்னொருவர் கணக்கில் மாற்று முகவரியாகச் சேர்த்துவிடுங்கள். ஒரு மாத லைசென்ஸ் பணம் கூடுதலாகப் போகும், போகட்டும்.

கேள்வி: மேலே கேட்டவர் போல எங்களுக்கும் நடக்குமா? நாங்கள் மைக்ரோசாஃப்ட் 365. டெலிட் ஆனது எத்தனை நாள் இருக்கும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பதில்: நடக்கும், நாள் கணக்குதான் வேறு. பயனரை டெலிட் செய்தால் அவரும் அவருடைய மெயில்பாக்ஸும் 30 நாள் வரை மீட்கக்கூடிய நிலையில் இருக்கும். அவருடைய ஒன்டிரைவும் (அவர் ஃபைல்களை வைக்கும் கிளவுட் இடம்) நீங்கள் எதையும் மாற்றவில்லை என்றால் அதே 30 நாள்தான், ஆனால் அது முடிந்த பிறகும் 93 நாள் மறைவில் கிடக்கும், அந்தக் காலத்துக்குள் ஷேர்பாயின்ட் (அலுவலகத்துக்குப் பொதுவான ஃபைல் இடம்) அட்மின் அதை வெளியே எடுக்க முடியும். இது தெரியாமல் பலர், ஃபைல் போயிற்று என்று விட்டுவிடுகிறார்கள்.

கணக்கு அப்படியே இருந்து, ஒரு மெயிலை மட்டும் அழித்து, டெலிட்டட் ஐட்டம்ஸ் ஃபோல்டரையும் காலி செய்துவிட்டால் 14 நாள். இந்த 14-ஐ அட்மின் 30 வரை கூட்டலாம், கூடுதல் காசு கிடையாது, இதைப் படித்து முடித்ததும் போய்ச் செய்யுங்கள். ஷேர்பாயின்டிலும் ஒன்டிரைவிலும் அழித்த ஃபைல் முதல் குப்பைத் தொட்டி, இரண்டாவது குப்பைத் தொட்டி இரண்டிலும் சேர்த்து 93 நாள். வேலையை விட்டவரின் மெயில்பாக்ஸை ஷேர்டு மெயில்பாக்ஸாக மாற்றிக்கொண்டால் 50 ஜிபி வரை லைசென்ஸ் இல்லாமலே வைத்திருக்கலாம், சிறு அலுவலகத்துக்கு இது பெரிய வசதி.

கூகுளில் குப்பைத் தொட்டிக்குப் போன மெயிலும் டிரைவ் ஃபைலும் 30 நாளில் தானாகக் காலியாகும், அதன் பிறகு இன்னும் 25 நாள் அட்மின் மட்டும் மீட்கலாம்.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு உங்கள் அலுவலகத்தை யோசித்துப் பாருங்கள். ஒரு ஃபைல் காணாமல் போனது எப்போது தெரியவருகிறது? தினமும் திறக்கிற ஃபைல் என்றால் மறுநாளே தெரியும். வருடக் கணக்கு, பழைய ஒப்பந்தம், முடிந்துபோன வேலையின் கோப்பு இவையெல்லாம் ஆறு மாதத்துக்கு ஒரு முறைகூட யாரும் தொடாதவை, தேவைப்படும்போது அவசரமாகத் தேவைப்படுகிறவையும் இவைதான். 30 நாளும் 93 நாளும் அவற்றுக்குப் போதாது. தங்கள் சர்வர் கெட்டுப்போனால் உங்கள் டேட்டா போகாமல் இருக்க வேண்டியதை அந்த நிறுவனங்கள் நன்றாகவே செய்கின்றன. உங்கள் ஊழியர் டெலிட் பட்டனை அழுத்தினால், உங்கள் கட்டளை என்று நினைத்து அதையும் ஒழுங்காக நிறைவேற்றுகின்றன. யார் அழுத்தினார், தெரிந்து அழுத்தினாரா தெரியாமலா, அவருடைய பாஸ்வேர்டைத் திருடிய வேறொருவனா என்றெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட் தன் பொதுவான சேவை ஒப்பந்தத்திலேயே, சேவையில் வைத்திருக்கும் உங்கள் உள்ளடக்கத்தை அவ்வப்போது பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவைத்திருக்கிறது.

கேள்வி: ஒன்டிரைவ் எங்கள் எல்லாக் கணினியிலும் சிங்க் ஆகிறது. கிளவுடில் ஒன்று, கணினியில் ஒன்று, இரண்டு பிரதி இருக்கிறதே. இதுவே பேக்கப்தானே?

பதில்: இல்லை. இதை நிறையப் பேர் நம்பிக்கொண்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிங்க் செய்கிற வேலை எல்லா இடத்திலும் ஒரே நிலையை வைத்திருப்பது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வந்து ஒரு கணினியில் உள்ள ஃபைல்களைப் பூட்டினால், பூட்டப்பட்ட ஃபைல்களை மாற்றம் நடந்த புதுப் பதிப்பு என்று எடுத்துக்கொண்டு கிளவுடுக்கு ஏற்றி, மற்ற எல்லாக் கணினிக்கும் அனுப்பிவைக்கும். ஒன்டிரைவில் கடந்த 30 நாளில் எந்த நேரத்துக்கும் மொத்தமாகப் பின்னால் போகிற வசதி இருக்கிறது, உண்மையிலேயே நல்ல வசதி, பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் உள்ளே வந்தவன் அட்மின் கணக்கையே பிடித்துவிட்டால் அந்த வசதியும் அவன் கையில்.

இன்னொன்று, கணினியில் தெரிகிற ஃபைல் எல்லாம் கணினியில் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். ஒன்டிரைவ் இடத்தை மிச்சப்படுத்த ஃபைலின் பெயரை மட்டும் காட்டும், திறக்கும்போதுதான் இறக்கும். பக்கத்தில் மேகப் படம் இருந்தால் அது இங்கே இல்லை. கூகுள் டிரைவில் நிலைமை இன்னும் மோசம். கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் ஃபைல்கள் கணினியில் சில கேபி அளவில் தெரியும், அதற்குள் இருப்பது வெறும் இணைப்புதான், ஒரு வரி எழுத்துகூட உங்கள் ஆவணத்திலிருந்து அதில் கிடையாது. அந்த ஃபோல்டரை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்து பீரோவில் பூட்டிவைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் உண்டு. கணக்கு போன அன்றைக்கு அந்த டிஸ்கில் இருக்கிற எக்ஸெல்லும் பிடிஎஃப்பும் திறக்கும், கூகுள் ஷீட்டில் போட்ட கணக்கு எதுவும் திறக்காது. தயவுசெய்து இன்றைக்கே உங்கள் டிஸ்கைச் செருகி, நெட்டை அணைத்துவிட்டு, ஒரு ஷீட்டைத் திறந்து பாருங்கள்.

ஐமேப் முறையில் (அவுட்லுக், தண்டர்பேர்டு போன்றவை சர்வரோடு இணையும் வழி) மெயிலைக் கணினிக்கு இறக்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அதுவும் சிங்க்தான், சர்வரில் அழிந்தால் அடுத்த முறை இணைந்ததும் இங்கேயும் அழியும். இறக்கிய மெயிலைத் தனியாக ஒரு லோக்கல் ஃபோல்டருக்கு நகல் எடுத்தால்தான் அது உங்களுடையது.

கேள்வி: சரி, எப்படித்தான் எடுப்பது? நாங்கள் ஐந்து பேர், ஐடி ஆள் யாரும் கிடையாது. காசு செலவில்லாமல் வழி இருக்கிறதா, இல்லை கட்டணச் சேவைதான் வாங்க வேண்டுமா? வாங்குவதென்றால் எது நல்லது?

பதில்: இரண்டும் முடியும். ஐந்து பேர் என்றால் காசில்லாத வழியிலிருந்தே தொடங்கலாம், அதற்கு உழைப்பு வேண்டும், மாதாமாதம் மறக்காத ஒரு ஆள் வேண்டும்.

கூகுளில் டேக்அவுட் என்று ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் தன் மெயில், டிரைவ், காலண்டர், தொடர்புகளை மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என ஒரு வருடத்துக்குத் தானாகத் தயாராகும்படியும் வைக்கலாம். டவுன்லோடு இணைப்பு ஒரு வாரம் வரைதான் உயிரோடு இருக்கும், அதற்குள் யாராவது எடுத்து டிஸ்கில் போட வேண்டும், இந்த முறை தோற்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். டாக்ஸும் ஷீட்ஸும் வேர்டு, எக்ஸெல் வடிவில் மாறி வரும். மெயில் எம்பாக்ஸ் என்ற வடிவில் வரும், தண்டர்பேர்டு மூலம் திறக்கலாம். எல்லோருடையதையும் ஒரே இடத்திலிருந்து எடுக்க அட்மின் பக்கத்தில் டேட்டா எக்ஸ்போர்ட் இருக்கிறது, தயாராகச் சில நாள் ஆகலாம். மைக்ரோசாஃப்டில், பழைய அவுட்லுக் வைத்திருந்தால் ஒவ்வொருவர் மெயிலையும் பிஎஸ்டி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யலாம், ஒன்டிரைவையும் ஷேர்பாயின்டையும் முழுக்க இறக்கி டிஸ்கில் காப்பி செய்யலாம். கமாண்டு அடிக்கத் தயங்காதவர் யாராவது இருந்தால் ஆர்குளோன் என்ற இலவச மென்பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் இரண்டோடும் பேசும், கூகுள் டாக்ஸை வேர்டாக மாற்றியே இறக்கும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: ஜிமெயிலை ஐமேப் வழியாக இறக்கினால் ஒரு நாளைக்கு 2500 எம்பிக்கு மேல் விடாது. பத்து வருட மெயிலை ஒரே இரவில் எடுத்துவிடலாம் என்று உட்காராதீர்கள்.

டிஸ்க் இரண்டாக இருக்கட்டும். ஒன்று அலுவலகத்தில் என்றால் மற்றொன்று வேறு கட்டடத்தில். காப்பி முடிந்ததும் கழற்றிவிடுங்கள், செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டும். டிஸ்கை என்கிரிப்ட் செய்யுங்கள் (பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி), அதில் உங்கள் வாடிக்கையாளர்களின் விவரங்களும் இருக்கின்றன.

ஆட்கள் கூடக்கூட, இதெல்லாம் கையால் செய்வது நடக்காத காரியம். அப்போது இரண்டு வழி. ஒன்று, அலுவலகத்திலேயே ஒரு நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் இணைகிற ஹார்ட் டிஸ்க் பெட்டி. சினாலஜி என்ற நிறுவனத்தின் பல மாடல்களில் மைக்ரோசாஃப்ட் 365-ஐயும் கூகுள் வொர்க்ஸ்பேஸையும் பேக்கப் எடுக்கும் மென்பொருள் தனி லைசென்ஸ் கட்டணம் இல்லாமல் வருகிறது, வாங்கும் மாடல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மற்றொன்று, ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வாங்குகிற பேக்கப் சேவை. எது நல்லது என்று பெயர் கேட்டிருக்கிறீர்கள். பெயரைவிட, வாங்கும் முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்கிறேன். என் டேட்டா எந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கும்? மெயில் மட்டுமா, காலண்டர், தொடர்புகள், ஷேர்டு டிரைவ், டீம்ஸ் எல்லாம் சேர்த்தா? ஒரே ஒரு மெயிலை மட்டும் திரும்பக் கொண்டுவர முடியுமா, ஃபோல்டரும் பகிர்வு அனுமதிகளும் பழையபடி வருமா? வேலையை விட்டுப் போனவரின் பேக்கப்புக்கும் கட்டணம் தொடருமா? என் அட்மின் கணக்கு திருடப்பட்டால், திருடியவன் பேக்கப்பையும் அழிக்க முடியுமா? உங்கள் சேவையை நிறுத்தினால் என் டேட்டாவை எந்த வடிவில் கையில் தருவீர்கள்? நல்ல சேவையாக இருந்தால் இதற்கெல்லாம் நேரான பதில் தருவார்கள், சுற்றி வளைத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

மைக்ரோசாஃப்ட் 2024-இல் தானே ஒரு பேக்கப் சேவையை வெளியிட்டது. ஒரு வருடம் வரை பின்னால் போகலாம், மீட்பதும் வேகம். பிரதி அவர்களுடைய எல்லைக்குள்ளேயே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டு வந்த மாதிரி, கணக்கே கைவிட்டுப் போகும் நாளில் அது உதவாது. இருக்கிற பேக்கப்போடு கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், அது ஒன்றே போதும் என்று இருக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் திட்டத்தில் கூகுள் வால்ட் இருக்கிறது. அதுவே போதும் என்று விற்றவர் சொன்னார்.

பதில்: போதாது. வால்ட் சட்டத் தேவைக்காக மெயிலையும் ஃபைலையும் அழியாமல் பிடித்துவைத்துத் தேட உதவுவது. அழிந்த ஃபோல்டரை இருந்த இடத்தில் திரும்ப வைக்கிற பட்டன் அதில் கிடையாது, தேடி எக்ஸ்போர்ட் செய்து நீங்கள்தான் மறுபடி ஏற்ற வேண்டும். பயனர் கணக்கை டெலிட் செய்தால் அவருடைய டேட்டா வால்டிலிருந்தும் போய்விடும். மைக்ரோசாஃப்டின் ரிட்டென்ஷன் விதிகளும் (இவ்வளவு காலம் அழியாமல் வை என்று சொல்பவை) இந்த வகைதான், பயன் உள்ளவை, வேலை வேறு.

கேள்வி: கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்துகிறீர்களோ? இவ்வளவு பெரிய நிறுவனங்களில் டேட்டா தொலையுமா என்ன?

பதில்: அரிதாகத்தான் தொலையும். ஆனால் நடந்தவை இருக்கின்றன. 2011 பிப்ரவரியில் ஜிமெயிலின் சேமிப்பு மென்பொருளை மேம்படுத்தியபோது ஒரு பிழையால் சுமார் 0.02 சதவீதப் பயனர்களின் மெயில்பாக்ஸ் காலியாகிவிட்டது. பல டேட்டா சென்டர்களில் பிரதி இருந்தும், பிழை அந்தப் பிரதிகளையும் தொட்டுவிட்டது. காப்பாற்றியது நெட்டோடு தொடர்பில்லாமல் இருந்த டேப்கள், அவற்றிலிருந்துதான் கூகுள் எல்லாவற்றையும் மீட்டது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று தீயில் அழிந்தது, அதே வளாகத்தில் பேக்கப் வைத்திருந்த சிலருக்கு இரண்டும் போயின. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியம் கூகுள் கிளவுடில் வைத்திருந்த ஒரு தனி கிளவுட் அமைப்பு, கூகுள் தரப்பில் நடந்த ஒரு அமைப்புப் பிழையால் அழிக்கப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அதன் பிரதி இருந்தும் அவையும் போயின. வேறொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த பேக்கப் மீட்புக்குக் கைகொடுத்தது.

பயப்படச் சொல்லவில்லை. மூன்றிலும் யார் தப்பினார்கள் என்று பாருங்கள், வேறு இடத்தில், வேறு பூட்டுக்குள் ஒரு பிரதி வைத்திருந்தவர்கள். சிறு அலுவலகத்துக்கு இப்படிப்பட்ட பெரிய விபத்தைவிட, ஊழியர் ஒருவர் ஏமாந்து பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுவதும், தவறான ஃபோல்டரை அழித்துவிடுவதும்தான் நடக்க வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் ஏற்பாடு ஒன்றுதான்.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒரு முறை எடுக்க வேண்டும்? எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?

பதில்: எத்தனை நாள் வேலையை மறுபடி உட்கார்ந்து செய்ய உங்களால் முடியும் என்று பாருங்கள், அதுதான் இடைவெளி. தானியங்கி என்றால் தினமும், கையால் என்றால் வாரத்துக்கு ஒரு முறையாவது முக்கியமான ஃபோல்டர்கள், மாதத்துக்கு ஒரு முறை முழுவதும். எத்தனை வருடம் என்பதை உங்கள் கணக்குத் தணிக்கையாளர் சொல்வார், வரி, ஒப்பந்தம் சார்ந்தவற்றுக்குச் சட்டம் ஒரு காலம் வைத்திருக்கும். மற்றதைக் காலவரையின்றிச் சேர்த்துக்கொண்டே போக வேண்டியதில்லை.

இடைவெளியைவிட நான் கவலைப்படுவது வேறு. எடுத்த பேக்கப்பிலிருந்து எதையாவது திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா? மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஏதோ ஒரு பழைய மெயில், அதோடு வந்த இணைப்பு, ஒரு பெரிய ஷீட், இவற்றை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அவசர நாளில் வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது என்பது அப்போதுதான் தெரியும். பேக்கப் மென்பொருள் அனுப்புகிற 'தோல்வி' மெயில் யாருக்குப் போகிறது என்றும் பாருங்கள், பல அலுவலகங்களில் அது வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

கேள்வி: அப்பாதான் நிறுவனத்தைத் தொடங்கினார், அட்மின் கணக்கு அவர் ஃபோனில் மட்டும்தான் இருக்கிறது. டொமைன் யாரோ ஒரு நண்பர் வாங்கிக் கொடுத்தது. பேக்கப் எடுக்கத் தொடங்கிவிட்டோம், இதில் வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் உங்கள் பெயர்) அந்த நண்பர் பெயரில் இருந்தால், அவர் புதுப்பிக்க மறந்த அன்று உங்களுக்கு வருகிற மெயில் எல்லாம் நிற்கும், எவ்வளவு பேக்கப் இருந்தாலும் புது மெயில் வராது. அவரோடு பேசி, டொமைனை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றுங்கள். அந்தக் கணக்கின் தொடர்பு முகவரி உங்கள் டொமைனிலேயே இருக்கக் கூடாது, மெயில் நின்றால் பாஸ்வேர்டை மீட்கும் மெயிலும் வராதே. டிஎன்எஸ் அமைப்புகளை (உங்கள் டொமைனுக்கு வரும் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்பவை) ஒரு முறை பிரதி எடுத்து பேக்கப்போடு வையுங்கள், வேறு இடத்துக்கு மாற வேண்டி வந்தால் அரை மணி நேர வேலையாக முடியும்.

அட்மின் கணக்கு இரண்டு இருக்கட்டும், இரண்டிலும் இரட்டைச் சரிபார்ப்பு. இரண்டாவதைத் தினசரி வேலைக்குத் தொடாதீர்கள், அதன் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி அப்பாவும் நீங்களும் அறிந்த ஒரு இடத்தில் பூட்டிவையுங்கள். பேக்கப் சேவைக்கு அலுவலக லாகினையே பயன்படுத்தாமல் தனி லாகின், தனி பாஸ்வேர்ட். டிஸ்கை என்கிரிப்ட் செய்த பாஸ்வேர்டும் அதே தாளில் இருக்கட்டும். அப்பா ஊரில் இல்லாத ஒரு நாளில், அவரைக் கூப்பிடாமல், அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அட்மினுக்குள் நுழைந்து ஒரு ஃபைலை மீட்டுப் பாருங்கள். எங்கே தடுக்குகிறதோ அதைத் தாளில் சேர்த்து எழுதுங்கள்.